தென்மேற்கு மூலை

ரெஜினா மேரி இறந்துவிட்டார் என்ற செய்தியை நான் முதலில் நம்பவில்லை. ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறே முக்காலுக்கு வந்தது. அனுப்பியவரோ, உயிரோடு இருந்த ஒரு கண்காணிப்பாளருக்குப் போன வருடம் மாலை போட்டுப் படம் அனுப்பியவர். எனவே படூரில் மகன் வீட்டு பால்கனியில் நின்றபடி மூன்று பேருக்குப் போன் செய்தேன். முதலாமவர் குழுவில் பார்த்ததாகச் சொன்னார். இரண்டாமவர், முதலாமவர் சொல்லித் தெரியும் என்றார். இது இரண்டு தகவல் அல்ல, ஒன்றுதான். மூன்றாமவர் மதுராந்தகத்தில் ரெஜினா வீட்டுக்கு அடுத்த தெருக்காரர். "ஆமா சார், ஃப்ரீசர் பாக்ஸ் வந்துட்ச்சு. நான் இப்ப அங்கதான் கீறேன்" என்றார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தேன்.

இந்த நினைவஞ்சலிக் குறிப்பைப் படிக்கும் உங்களில் பலர் ரெஜினாவோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். என்னை உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரிந்தவர்களுக்குப் பிடிக்காது. அதில் எனக்கு வருத்தமில்லை. என் வேலை அப்படி. நாட்டில் இந்த ஆண்டு இவ்வளவு நெல் விளைந்தது என்று செய்தித்தாளில் ஓர் எண் வருகிறதே, அந்த எண் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது. பயிர் அறுவடைச் சோதனை என்று அதற்குப் பெயர். ரெஜினா அதைச் செய்த வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளர். அவர் ஒழுங்காகச் செய்தாரா என்று பார்த்து எழுதுகிற வேறொரு அலுவலகத்தின் ஆள் நான். சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்பட்டவன்.

அவர் மறைந்த அன்று குழுவில் நாற்பது பேர் "நேர்மையின் சிகரம்" என்று எழுதினார்கள். அவர் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் இல்லாமல் போனபோது இந்த நாற்பது பேரில் ஒருவர்கூட வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. நான் இவர்களைக் குறை சொல்லத் தகுதி உள்ளவனா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அவரை முதலில் பார்த்தது மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் கிராமம் ஒன்றில். கிராமக் கணக்கில் அந்த நிலம் முழுக்க வேர்க்கடலை என்று இருந்தது. எனக்கு அங்கே வேர்க்கடலை இருக்கும் என்ற நம்பிக்கையே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நிலத்தில் அந்தக் காலத்திலேயே மஞ்சள் கல்தான் விளைந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். நினைத்தபடியே வரிசையாக மனைக் கற்கள். மாட்டிக்கொண்டார் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி. அவருடைய படிவத்தை வாங்கிப் பார்த்தால் அவர் கிராமக் கணக்கை அப்படியே எடுத்து எழுதவில்லை. "மனையாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கற்களுக்கு இடையில் காவலாளி பயிரிட்ட வேர்க்கடலை, பதினொரு சால்" என்று இருந்தது. எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

"நான் வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். நிலத்துல இன்னா கீதோ அதத்தான் எழுதினேன்."

"யாரும் போன் பண்ணலையா?"

"இங்க டவரே இல்ல சார்" என்றார். என் செல்பேசியை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். அப்படியும் அலுவலகத்துக்குத் திரும்பியதும் என் பயணத் திட்டத்தை யார் யார் பார்த்தார்கள் என்று விசாரித்தேன். எல்லாருடைய படிவத்திலும் பிழை இருக்கும்போது ஒருவருடையது மட்டும் நிலத்தோடு பொருந்துகிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்பதே என் கணக்கு. பிழை இருந்தால் சோம்பேறி என்பேன். இல்லாவிட்டால் கெட்டிக்காரத் திருடர் என்பேன். தப்பிக்க வழியே கிடையாது.

ரெஜினாவின் அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். இதை அவரே சொல்வார். அதனால் சேற்றில் இறங்க அவருக்கு யோசனையே இருந்ததில்லை. புடவையைச் சொருகிக்கொண்டு, கைப்பையை வரப்பில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார். ஒரு முறை விவசாயி ஒருவர், சனி மூலையில் சூடம் காட்டி முதல் பிடி தாம் அறுத்த பிறகே வேறு யாரும் அரிவாள் வைக்கலாம் என்றார். ஈசானிய மூலையைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். கயிறு கட்டிய சதுரம் தள்ளி இருந்ததால் ரெஜினா சம்மதித்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் மணிக்கு ஓடும் கிறித்தவர். சூடம் அணையும்வரை கைகட்டி நின்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த முதல் பிடி எங்கே அறுக்கப்பட்டது, சதுரத்துக்கு எவ்வளவு தூரம் என்று தப்படி வைத்து அளந்து குறித்துக்கொண்டேன். அந்த விவசாயி என்னைப் பார்த்து, "இவரு இன்னாத்துக்கும்மா சாமி கும்புட்ற எடத்தையும் அளக்குறாரு?" என்று கேட்டார். "அது அவரு வேல நைனா" என்றார் ரெஜினா. கிண்டலா, மரியாதையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இனி, அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அந்த வருடம் அறுவடைக்கு முன்னால் பெரிய மழை. ஏரிக்குக் கீழே இருந்த வயல்களில் பள்ளமான இடங்களில் கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. மேட்டில் பயிர் நன்றாகவே நின்றது. அந்தக் கிராமத்துக்கு மொத்தம் நான்கு சோதனைகள். அவற்றின் சராசரி விளைச்சல் குறைந்தால் ஊருக்கே பயிர்க் காப்பீடு கிடைக்கும். குறையாவிட்டால் கிடையாது. ஆகவே கயிறு எங்கே விழுகிறது என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் கயிறு விழும் இடத்தை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, குலுக்கல் போல அட்டவணையிலிருந்து வரும் எண்ணின்படி நீளவாக்கில் இத்தனை தப்படி, அங்கிருந்து திரும்பி அகலவாக்கில் இத்தனை தப்படி. போய்ச் சேரும் இடத்தில் முளைக்குச்சி. பள்ளமோ மேடோ, எலி தின்றதோ, நகர்த்தக்கூடாது. இந்த வேலையின் நாணயமே அந்த மூலையில்தான் இருக்கிறது.

தேர்வானது தணிகாசலம் என்பவரின் நிலம். சோதனையின்போது நானும் கூட இருக்க வேண்டும். செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் ஜிஎஸ்டி சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்து, ஒன்றரை மணி நேரம் அப்படியே நின்றோம். ரெஜினா மூன்று முறை போன் செய்தார். "சார், அறுப்பு மிஷின்காரர் அடுத்த ஊருக்குப் போணும்னு கத்திகினு கீறாரு. நான் எவ்ளோ நேரம் நிறுத்தி வைக்கிறது?" நான் காத்திருக்கச் சொன்னேன். அவர் காத்திருக்க முடிந்தவரை காத்திருந்துவிட்டு அறுத்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது நெல் தார்ப்பாயில் கிடந்தது, தராசு தொங்கிக்கொண்டிருந்தது. நான் வராமல் எப்படி ஆரம்பிக்கலாம் என்ற கோபம் எனக்கு. தாமதமாக வந்தது நான் என்பதால் கோபம் இன்னும் அதிகம்.

அறுத்த சதுரம் சரியாகப் பள்ளத்தில் இருந்தது. விளைச்சல் மிகக் குறைவு. வயலின் தென்மேற்கு மூலைக்குப் போய் நின்று, படிவத்தில் இருந்தபடி இருபத்துமூன்று தப்படி நடந்தேன். திரும்பி பதினொன்று. போய்ச் சேர்ந்த இடம் மேடு. இடுப்புயரப் பயிர், கதிர் பழுத்து நின்றது. அறுத்த சதுரம் அங்கிருந்து வெகு தூரம்.

ரெஜினா பதறவில்லை. "சார், நீங்க நிக்கிறது மூலை இல்ல. இது ரெண்டு புல எண். அண்ணன் தம்பி நிலம். மிஷின் திரும்பறதுக்கு வரப்ப எடுத்துட்டாங்க. நம்ம நம்பரோட மூலை நடுவுல கீது. மேக்கால கல்லுலேர்ந்து வரைபடப்படி அளந்துதான் வந்தேன். சர்வே கல்லு சேத்துக்குள்ள படுத்துகினு கீது, காலுக்குத் தட்டுச்சு" என்றார். பிறகு, "செருப்பக் கழட்டிட்டு எறங்கிப் பாருங்க சார், உங்க காலுக்கும் தட்டும்."

நான் அன்று ஷூ போட்டிருந்தேன். இறங்கவில்லை. தணிகாசலத்தைக் கூப்பிட்டு, நிலத்துக்கு நடுவில் கல் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், ரெஜினாவைப் பார்த்தார், வரப்பில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார்.

"கல்லா? இன்னா கல்லு சார்? அப்டி எதுவும் கெடையாதே" என்றார்.

மிஷின் இறங்கியது. அரை மணி நேரத்தில் வயலே அடையாளம் தெரியாமல் குழம்பிப் போனது.

எனக்கு அப்போது எல்லாம் பொருந்திப் போயிற்று. ரெஜினாவின் சொந்தக்காரர்கள் அதே ஊரில் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தார்கள். ஊருக்குக் காப்பீடு கிடைக்கட்டும் என்று சதுரத்தைப் பள்ளத்துக்கு நகர்த்தியிருக்கிறார். அறிக்கையில் அப்படியே எழுதினேன். அந்தச் சோதனை கழிக்கப்பட்டது. மீதி மூன்றின் சராசரி ஏறியது. ஊருக்கு ஒன்றும் வரவில்லை. ரெஜினாவுக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது.

அவர் கொடுத்த விளக்கத்தில் நில வரைபடத்தை இணைத்து, எந்தக் கல்லிலிருந்து எத்தனை மீட்டர் என்று கோடு போட்டுக் காட்டியிருந்தார். விசாரித்தவர்கள் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினால் அரை நாள் வேலை. மேசையிலிருந்தே பதில் எழுதினேன்: "என் அறிக்கையில் மாற்றம் ஏதுமில்லை." ஊதிய உயர்வு நின்றது. பதவி உயர்வு போயிற்று. அவரைக் கடலோரத்துக்கே திரும்ப மாற்றினார்கள். அந்த ஊரில் மட்டும் வேறொரு கதை ஓடியது. 'அந்தம்மாதான் மேலிடத்தோட சேந்து நம்ம காப்பீட்ட கெடுத்துட்ச்சு' என்று. இந்த வேலையில் நல்ல பெயர் எந்தப் பக்கத்திலிருந்தும் வராது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது வேறொரு சரிபார்ப்புக்காக அந்த வழியாகப் போனேன். தணிகாசலமும் தம்பியும் அதற்குள் பாகம் பிரித்துவிட்டிருந்தார்கள். வயலின் நடுவே புது வரப்பு. வரப்பின் தலையில், சுண்ணாம்பு அடித்து நிமிர்த்தி வைத்த சர்வே கல்.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கல்லின் பக்கத்தில் நின்றேன். யாரும் சொல்லாமலே கால் நடந்தது. இருபத்துமூன்று தப்படி, திரும்பி பதினொன்று. கோடையிலும் அந்த இடம் தாழ்ந்தே தெரிந்தது. அவர் அறுத்த பள்ளம் அதுதான். அறிக்கையைத் திருத்த அன்றே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இது ஒன்று தப்பு என்றால் நான் எழுதிய மற்றவை என்னாவது, யார் யாரெல்லாம் தூசி தட்டிக்கொண்டு வருவார்கள் என்று பயம். அதைவிட, அந்தப் பெண் முன்னால் தலை குனிய வேண்டுமே என்ற வெட்கம். ஒழுங்காக ஓய்வு பெற்றால் போதும் என்று வண்டியில் ஏறிவிட்டேன்.

அடுத்த மாதம் திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு டீக்கடையில் ரெஜினாவைப் பார்த்தேன். சவுக்குத் தோப்புகளைக் கணக்கெடுத்துவிட்டு வந்திருந்தார். நலம் விசாரித்தோம். டீ வந்தது. பிறகு அவர் கேட்டார்:

"சார், பழைய தண்டனைக்கு மேல்முறையீடு பண்ண மறுபடி வாய்ப்பு குடுத்துகிறாங்க, இன்னும் பத்து நாள்தான் கீது. சரிபார்த்த அதிகாரியே ஒரு வரி எழுதிக் குடுத்தா எடுத்துப்பாங்களாம். தணிகாசலம் நெலத்துல வரப்பு போட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நீங்க அந்தப் பக்கம் போனீங்கன்னா... கல்லப் பாத்தீங்களா சார்?"

"போனேன். கவனிக்கல" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கெஞ்சவில்லை. கோபப்படவும் இல்லை. "சரி சார். பாக்கலன்னா பாக்கலன்னுதானே சொல்ல முடியும்" என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, பேருந்து வந்ததும் ஏறிப் போனார். மேல்முறையீடு செய்யவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஆய்வாளராகச் சேர்ந்தவர் ஆய்வாளராகவே ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மறு வருடமே சிறுநீரகம் கெட்டு, இதோ போயும் விட்டார்.

இத்தனை காலமும் ஒன்றைச் சொல்லி மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார், என்னைப் பற்றித் தப்பாக நினைத்திருக்க மாட்டார் என்று.

மதுராந்தகத்தில் துக்க வீட்டுக்குப் போனேன். சாமியானாவின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். வயதாகிப் போனதால் கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது, தணிகாசலம். அவருக்கு இங்கே என்ன வேலை என்று வழக்கம்போல முதலில் சந்தேகம்தான் வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நான்தான் சார் பொய் சொன்னேன்" என்றார், நான் கேட்காமலே. "தம்பி பக்கத்துலயே குந்திகினு இருந்தான். கல்லு கீதுன்னு சொன்னா அங்கியே பாகம் கேப்பான். நீங்க வேற ஆபீசரு, நெலத்த அளக்க வந்துகிறீங்களோன்னு பயம். அந்தம்மா கால்ல வுழாத கொறையா மன்னிப்பு கேட்டுட்டேன்."

"எப்ப கேட்டீங்க?"

"பாகம் பிரிச்ச வருஷம். நீங்க வந்து கல்லாண்ட நின்னீங்களே, தப்படி எண்ணிகினு போனீங்களே, நான் மோட்டார் கொட்டாயிலேர்ந்து பாத்துகினுதான் இருந்தேன். அந்த வாரமே பஸ்ஸு புடிச்சிப் போயி அம்மாகிட்ட சொல்ட்டேன். சார் கல்லப் பாத்துட்டாரு, இனிமே உங்களுக்கு ஒரு கொறையும் இல்லம்மான்னு."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். செருப்பை எங்கே விட்டேன் என்றுகூடத் தெரியவில்லை.

டீக்கடைக்கு வந்தபோதே ரெஜினாவுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். தணிகாசலம் சாட்சி என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். அவரிடமே எழுதி வாங்கி, நான் மறைத்தேன் என்று மனு போட்டிருக்கலாம். என் ஓய்வூதியம் தொங்கியிருக்கும். எதையும் செய்யவில்லை. நான் அவர் வயல்களில் செய்து வந்ததை அவர் என்னிடம் ஒரே ஒரு முறை செய்தார். முன்னமே தெரிந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு, நேருக்கு நேர் கேட்டுச் சரிபார்த்தார். பொருந்தவில்லை. ஆனால் அறிக்கை எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். இரக்கமா, அலுப்பா, இவனெல்லாம் ஒரு ஆளா என்ற அலட்சியமா? வாழ்நாளெல்லாம் பிறர் மனதில் இருப்பதைச் சந்தேகித்தே பிழைத்தவனுக்கு இது ஒன்று விளங்காமல் போனது சரியான தண்டனைதான்.

நினைவஞ்சலி என்றால் மறைந்தவரிடமிருந்து நமக்கு என்ன மிச்சம் என்று சொல்ல வேண்டுமாம். உங்களுக்கு அவருடைய சிரிப்பு மிஞ்சியிருக்கலாம், உழைப்பு மிஞ்சியிருக்கலாம். எனக்கு அவர் கேட்ட கேள்வி மிஞ்சியிருக்கிறது. அதற்கான பதிலைத் துறைக்கு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இறந்தவரின் கோப்பை இனி யார் திறக்கப் போகிறார்கள் என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. அதனால் அவரைத் தெரிந்த உங்கள் எல்லார் முன்னிலையிலும் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பார்த்தேன், ரெஜினா. நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருந்தது.